அறைக்குள் நுழையும் குரலுக்கும் அனுமதி வேண்டும்



மாடி வீடுகள் பெருகிவிட்ட நம் ஊர்களில், ஒரே வீட்டுக்குள் ஒருவரையொருவர் அழைப்பதே பெரும்பாடாகிவிட்டது. கீழே சமையலறையில் நிற்கும் தாய், இரண்டாம் மாடியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையைச் சாப்பிட அழைக்க வேண்டுமானால் தொண்டை கிழியக் கூவ வேண்டும். அல்லது முழங்கால் வலியோடு படியேற வேண்டும். கூவினால் பிள்ளைக்குக் கேட்கிறதோ இல்லையோ, தெருவில் போகிறவர்களுக்குக் கேட்டுவிடுகிறது.

இதற்குத் தீர்வாக, வீட்டிலுள்ள கணினிகளையே இண்டர்காம் போலப் பயன்படுத்தும் வழக்கம் சில இல்லங்களில் வந்திருக்கிறது. படிப்பு, அலுவலக வேலை என்று அறைக்கொரு கணினி ஏற்கெனவே வந்துவிட்டது. அவை யாவும் ஒரே ரவுட்டரில் இணைந்திருக்கின்றன. அவற்றில் மைக்கும் ஸ்பீக்கரும் இருக்கின்றன. புதிதாகக் கம்பி இழுக்கவோ கருவி வாங்கவோ தேவையில்லை. பிள்ளைகளுக்குக் கைப்பேசி கொடுக்க விரும்பாத பெற்றோருக்கும் இது ஏற்ற வழியாகத் தோன்றுகிறது.

இதைப் பற்றி மார்க்க அடிப்படையில் என்ன சொல்வது என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டனர். கருவி ஆகுமானதே, அதில் ஐயமில்லை. ஆனால் அதை எப்படி அமைத்து வைக்கிறோம் என்பதில் பலரும் எண்ணிப் பாராத ஓர் ஒழுக்கக் கேள்வி இருக்கிறது. அதையே இங்கு எழுத விரும்புகிறேன்.

கருவி செயல்படும் விதம்

இவ்வகை மென்பொருள்களில் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, மம்பிள் போன்றவை. இது விலையின்றிக் கிடைப்பது. இதன் சேவையகப் பகுதியை வீட்டிலுள்ள ஒரு கணினியில் நிறுவி, மற்றவற்றில் பயனர் பகுதியை நிறுவிக்கொள்கிறார்கள். எல்லாக் கணினிகளும் ஒரே கூடத்தில் அமர்ந்திருப்பது போல ஒரே குரல் தடத்தில் இணைந்திருக்கும். இங்கே மணி அடிப்பதில்லை. ஒருவர் பேசினால் மற்றவருடைய ஸ்பீக்கரில் அது நேராக ஒலிக்கும். சேவையகமும் வீட்டுக்குள்ளேயே இருப்பதால், இணையச் சேவை அறுந்துபோனாலும் ரவுட்டருக்கும் கணினிகளுக்கும் மின்சாரம் இருக்கும்வரை பேச்சு நிற்பதில்லை. வீட்டுப் பேச்சு வெளி நிறுவனம் எதன் கணினிக்கும் போக வேண்டியதுமில்லை.

இரண்டாவது, லின்ஃபோன் போன்ற மென்பொருள்கள். இவை தொலைபேசி போல மணியடித்து அழைப்பவை. எடுப்பவர் எடுத்தால்தான் பேச்சு தொடங்கும். ஆனால் இவற்றிலும் ‘தானாக எடுத்துக்கொள்’ என்றோர் அமைப்பு உண்டு. அதை இயக்கிவிட்டால், எதிர்முனையில் எவரும் கை வைக்காமலேயே அழைப்பு திறந்துகொள்ளும். அந்த அறையின் ஒலிகள் அழைத்தவரின் செவிக்கு வந்து சேரும்.

முதல் வகையிலும் இதே அபாயம் வேறு வடிவில் உண்டு. மம்பிளில் குரலை அனுப்புவதற்கு மூன்று முறைகள் இருக்கின்றன. பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் குரல் போவது ஒன்று. ஒலி எழுந்ததும் மைக் தானாகத் திறந்துகொள்வது மற்றொன்று. எந்நேரமும் ஒலி போய்க்கொண்டே இருப்பது மூன்றாவது. பின்னிரண்டில் எதை வைத்தாலும், அறையில் பேசுகிறவர் நினைக்காமலேயே அவருடைய பேச்சு வீடெங்கும் ஒலிக்கக்கூடும்.

நான் சொல்ல வருவது இந்த அமைப்புகளைப் பற்றித்தான். எந்தக் கட்டத்தில் குறியிடுகிறோம் என்பது வெறும் வசதிக்கான தேர்வு அன்று. அது அனுமதி கேட்டு நுழைவதா, கேளாமல் நுழைவதா என்ற தேர்வு.

திரைச்சீலையும் குரலும்

அந்நூர் அத்தியாயத்தின் 27, 28ஆம் வசனங்கள் பிறர் வீட்டில் நுழைவதைப் பற்றியவை. அனுமதி பெற்று, ஸலாம் உரைத்தே நுழைய வேண்டும். திரும்பிப் போகச் சொன்னால் மனவருத்தமின்றித் திரும்பிவிட வேண்டும் என்று அவை கற்பிக்கின்றன. இது நம்மில் பெரும்பாலோர் அறிந்ததே. அதே அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. அது வீட்டுக்கு உள்ளே உள்ளவர்களைப் பற்றியது. பஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடையைத் தளர்த்தி ஓய்வெடுக்கும் வேளை, இஷாவுக்குப் பின் என மூன்று நேரங்களில், பருவமடையாத சிறுவர்கூட அனுமதி பெற்றே உள்ளே வர வேண்டும் என்று அது பணிக்கிறது. அடுத்த வசனம், பருவமடைந்த பிள்ளைகள் எந்நேரமும் அனுமதி கேட்க வேண்டும் என்கிறது.

இந்த மூன்று நேரச் சட்டத்தைப் பற்றி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறிய ஒரு விளக்கம் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. அக்காலத்தில் மக்களின் வீடுகளில் திரைச்சீலைகள் இல்லை. கணவனும் மனைவியும் தனித்திருக்கும் வேளையில் பணியாளோ சிறுவனோ சட்டென்று நுழைந்துவிட நேர்ந்தது. மறைவை விரும்புகிற அல்லாஹ், அந்நேரங்களில் அனுமதி கேட்கச் சொன்னான். பின்னர் வசதி வந்தது; திரைகள் வந்தன. அதன்பின் மக்கள் இவ்வசனத்தைப் பெரிதாகக் கவனித்து நடந்ததைத் தாம் காணவில்லை என்பது அவர்களுடைய கூற்றின் கருத்து.

இந்த விளக்கத்தை மாணவர்களுக்கு நடத்தும்போதெல்லாம் நம் காலத்து வீடுகளே என் நினைவுக்கு வருகின்றன. திரை பார்வையைத் தடுக்கிறது. கதவு காலடியைத் தடுக்கிறது. ஆனால் தானாகத் திறந்துகொள்ளும் மைக், பூட்டிய கதவையும் இழுத்துவிட்ட திரையையும் பொருட்படுத்துவதில்லை. திரை வந்தபோது தளர்ந்துபோன கவனம், திரையைத் தாண்டும் கருவி வரும்போது மீண்டும் தேவையாகிறது. காரணம் திரும்பிவிட்டால் பேணுதலும் திரும்ப வேண்டும் அல்லவா?

‘பார்வை இல்லையே, கேட்பதுதானே?’

இங்கே ஒருவர் இப்படிக் கேட்கலாம்: “அனுமதி கேட்கும் சட்டமே பார்வையின் காரணத்தால்தான் வந்தது என்று ஹதீஸில் இருக்கிறதே, ஹஸ்ரத்? இண்டர்காமில் நாம் எதையும் பார்ப்பதில்லையே?”

நல்ல கேள்வி. நபி (ஸல்) அவர்களின் இல்லத்துக்குள் துவாரம் வழியே எட்டிப் பார்த்த ஒருவரைக் கண்டித்தபோது, அனுமதி கேட்பது பார்வையின் பொருட்டே ஏற்படுத்தப்பட்டது என்ற கருத்தை அவர்கள் கூறியது புகாரியில் உள்ளது. ஆனால் அதே புகாரியில், ஒரு கூட்டத்தார் தாங்கள் பேசுவதைப் பிறர் கேட்பதை வெறுக்கும் நிலையில், அதை ஒட்டுக் கேட்பவரின் செவியில் மறுமை நாளில் ஈயம் உருக்கி ஊற்றப்படும் என்ற கடும் எச்சரிக்கையும் இருக்கிறது. கண்ணுக்கு ஒரு வரம்பு இருப்பது போலச் செவிக்கும் ஒரு வரம்பை மார்க்கம் வைத்திருக்கிறது. ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கும்போது, அது கண்ணால் செய்வதா காதால் செய்வதா என்று பிரிக்கவில்லை.

ஒரு தந்தையின் கேள்வி

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரர் என்னிடம் ஒரு சங்கடத்தைச் சொன்னார். மகனுக்குத் திருமணம் முடித்து மேல்மாடியில் குடிவைத்திருக்கிறார். மகன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை செய்வதால், எத்தனை முறை அழைத்தாலும் எடுப்பதில்லை. அதனால் மகனுடைய கணினியில் அழைப்பு தானாகத் திறக்கும்படி அவரே அமைத்துவிட்டார். ஒரு நாள் மாலை, சாப்பிட அழைப்பதற்காகப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். மகன் அறையில் இல்லை. மருமகள் தன் தாயாரிடம் கைப்பேசியில் அழுதபடி பேசிக்கொண்டிருந்தது அவர் செவியில் விழுந்திருக்கிறது. உடனே துண்டித்துவிட்டார். “நான் கேட்டது பாவமா? அந்தப் பிள்ளையிடம் சொல்லணுமா, சொல்லாம விட்டுடணுமா ஹஸ்ரத்?” என்று கேட்டார்.

எண்ணாமல் செவியில் விழுந்தது குற்றமாகாது. உடனே துண்டித்தது நற்செயல். கேட்டதை எவரிடமும் சொல்லக்கூடாது. அதை மனத்தில் வைத்து அந்தப் பெண்ணிடம் முகம் மாறவும் கூடாது. ஆனால் அந்த அமைப்பை அப்படியே விட்டுவைப்பது இனிமேல் தற்செயல் ஆகாது. அன்றே அதை மாற்றிவிட வேண்டும். கணினி தானாகத் திறக்கும்படி இருந்ததையும், மாற்றியாயிற்று என்பதையும் மகனுக்கும் மருமகளுக்கும் பொதுவாகத் தெரிவித்துவிடுவது நல்லது. என்ன காதில் விழுந்தது என்ற விவரம் வேண்டியதில்லை. இப்படித்தான் அவருக்குச் சொன்னேன்.

நம் சமுதாயத்தில் சில ஊர்களில் மருமகன் பெண்வீட்டில் தங்குகிறார். வேறு ஊர்களில் மருமகள் மாமியார் வீட்டுக்கு வருகிறாள். எப்படி வந்தாலும், வந்தவருக்கு அந்தப் பெரிய வீட்டில் தனக்கென்று இருப்பது ஓர் அறை மட்டுமே. அங்கே அழுதாலும் சிரித்தாலும் வீட்டுக்குக் கேட்கும் என்று தெரிந்தால், அவர் நிம்மதியாக எங்கே மூச்சுவிடுவார்? கூட்டுக் குடும்பத்தை நாம் உயர்வாகப் பேசுகிறோம். அது உயர்வாக நிலைப்பது, உள்ளே இருப்பவரின் தனிமையை மதிக்கும்போதுதான்.

‘என் வீடு, என் பிள்ளைகள்’

மற்றொரு மறுப்பும் உண்டு. “நான் கட்டிய வீடு, நான் வாங்கிய கணினி, நான் பெற்ற பிள்ளைகள், நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?” என்பது அது. இதற்கு விடையாக முவத்தாவில் வரும் ஓர் அறிவிப்பு நினைவுக்கு வருகிறது. தன் தாயிடம் செல்லவும் அனுமதி கேட்க வேண்டுமா என்று ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். ஆம் என்றார்கள். ஒரே வீட்டில்தான் அவருடன் வாழ்கிறேன், அவருக்குப் பணிவிடை செய்பவனும் நானே என்று அவர் மீண்டும் சொன்னபோதும், தாயை ஆடையற்ற நிலையில் காண விரும்புவாயா என்ற கருத்தில் கேட்டு, அனுமதி கேட்கும்படியே பணித்தார்கள். வீட்டின் உரிமையும் உறவின் நெருக்கமும் அனுமதியை நீக்கிவிடுவதில்லை.

பிள்ளைகளைக் கண்காணிக்க வேண்டாமா என்று அடுத்துக் கேட்பார்கள். இன்றைய காலத்தில் இது பொருளற்ற அச்சம் அன்று; பெற்றோரின் கவலையை நான் அறிவேன். தொட்டிலில் உறங்கும் குழந்தையின் அழுகையைக் கேட்க மைக்கைத் திறந்து வைப்பதில் தவறேதும் இல்லை. ஆனால் பதினைந்து வயது மகள் தோழியுடன் பேசுவதை அவளறியாமல் கீழிருந்து கேட்பது வேறு. மக்களின் குறைகளைத் தேடித் திரிந்தால் அவர்களைக் கெடுத்துவிடுவீர் என்ற கருத்தில், முஆவியா (ரலி) அவர்கள் கேட்ட நபிமொழி ஒன்று அபூதாவூதில் உள்ளது. அது ஆட்சியாளருக்கு மட்டுமான பாடம் அன்று. வீட்டை ஆள்பவருக்கும் அதில் பாடம் உண்டு. ஒட்டுக் கேட்கப்படுகிறோம் என்று ஒருமுறை தெரிந்துவிட்ட பிள்ளை, அதன்பின் திருந்துவதைக் காட்டிலும் மறைக்கவே கற்றுக்கொள்கிறது. விதிமுறை வேண்டுமானால் வெளிப்படையாக வையுங்கள்: கணினி பொதுக் கூடத்தில் இருக்கட்டும், இரவு இத்தனை மணிக்குமேல் இயங்கக் கூடாது என்று சொல்லுங்கள். சொல்லி வைப்பது வளர்ப்பு. சொல்லாமல் கேட்பது வேவு.

கருவியின் நன்மை

இவ்வளவு சொன்னதால் இந்தக் கருவியை நான் வெறுப்பதாக எண்ண வேண்டாம். முறையாக அமைத்தால் இது ஒழுக்கத்துக்கே துணை நிற்கும். லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குக் கூறிய அறிவுரைகளில் குரலைத் தாழ்த்துவதும் ஒன்று என்பதை நாம் ஓதுகிறோம். மாடிக்கும் கீழுக்கும் கூவிப் பேசும் வீட்டில் அது எப்படி நடக்கும்? முன்கூடத்தில் அந்நிய ஆண்கள் அமர்ந்திருக்கும்போது, உள்ளிருக்கும் பெண்கள் குரலுயர்த்தி அழைக்க நேராமல் மெதுவாகச் சொல்லி அனுப்பலாம். ரமளானில் ஸஹருக்கு எழுப்புவதற்குத் தெருவே விழிக்கும்படி கத்த வேண்டாம். கர்ப்பிணிகளும் முதியோரும் படியேறும் சிரமம் குறையும். ஹிஃப்ள் செய்யும் பிள்ளை மாடியில் ஓத, கீழே வேலையில் இருக்கும் தந்தை அவன் அறிய அவன் பாடத்தைக் கேட்டுத் திருத்தலாம்.

அறைகளுக்கு வெளியே நின்று நபி (ஸல்) அவர்களை உரக்கக் கூவி அழைத்தவர்களைப் பற்றி ஹுஜுராத் அத்தியாயம் கண்டித்துப் பேசுகிறது. அவர்கள் வெளியே வரும்வரை பொறுத்திருந்தால் அது நன்மையாக இருந்திருக்கும் என்கிறது. அந்த மரியாதை நபிக்கே உரியது. என்றாலும், அறைக்குள் இருப்பவரைப் பொறுத்திருந்து காண்பது என்ற பண்பை அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளத் தடையில்லை.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவதாக, தானாக எடுக்கும் அமைப்பை எல்லா அறைகளிலும் நீக்கிவிடுங்கள். மணியடிக்கும் மென்பொருளையே தேர்ந்தெடுங்கள். மம்பிள் போன்றதை வைத்திருந்தால், பொத்தானை அழுத்தினால் மட்டும் பேசும் முறையில் வையுங்கள். வீட்டுக்குள் பேச அமேசான் எக்கோ போன்ற ஸ்பீக்கர்களை வைத்திருப்போரும் கவனிக்க வேண்டும். அவற்றில் ‘டிராப் இன்’ என்ற வசதி, எதிர்முனையில் எவரும் எடுக்காமலேயே பேச்சைத் திறந்துவிடும். படுக்கையறையில் அதை அணைத்துவிடலாம்.

இரண்டாவதாக, மூன்று முறை அழைத்தும் விடை வராவிட்டால் விட்டுவிடுங்கள். மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவித்த, நாமறிந்த பாடம். எடுக்காதவர் மீது கோபம் கொள்வதற்கு உரிமையில்லை. அவர் தொழுகையில் இருக்கலாம், உறங்கலாம், பேச மனமின்றியும் இருக்கலாம்.

மூன்றாவதாக, ஸலாம் சொல்லி, யார் என்று சொல்லிப் பேசத் தொடங்குங்கள். கதவைத் தட்டிய ஜாபிர் (ரலி) அவர்கள், யாரென்று கேட்கப்பட்டதற்கு ‘நான்’ என்று மட்டும் சொன்னதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. ஸ்பீக்கர் வழியே வரும் குரலில் ஆள் தெரிவது இன்னும் கடினம். அறையில் விருந்தினர் இருக்கக்கூடும் என்பதால், பதில் வரும்வரை வீட்டுச் செய்தி எதையும் பேச வேண்டாம்.

நான்காவதாக, வசனம் குறிப்பிடும் மூன்று நேரங்களிலும் படுக்கையறைக் கணினிகளின் மைக்கை அடைத்துவிடுங்கள். ஸஹருக்கு எழுப்ப மணியோசை மட்டும் போதும்.

ஐந்தாவதாக, நோயாளியின் அறைக்கு விலக்கு உண்டு. எழுந்து பொத்தானை அழுத்த இயலாத தாய்க்குத் தானாகத் திறக்கும் அமைப்பு தேவையாகலாம். அவரிடம் விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்துடன் வையுங்கள்; அவருக்கு உடை மாற்றும்போது, உடல் துடைக்கும்போது அணைத்துவிடுங்கள். நோய் அவருடைய நாணத்தை எடுத்துவிடுவதில்லை.

ஆறாவதாக, வீண்விரயம். இதற்கென்றே ஒரு பழைய மேசைக் கணினியை இரவும் பகலும் ஓடவிடுகிறார்கள். அது 50 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 1.2 யூனிட், மாதத்துக்கு 36 யூனிட். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி சில வாட்டுகளிலேயே இந்த வேலையைச் செய்துவிடும்.

கால் நடந்து போக வேண்டிய இடம்

இறுதியாக ஒன்று. எல்லாச் செய்தியையும் இண்டர்காமில் சொல்லிவிட முடியாது, சொல்லவும் கூடாது. பிள்ளை மாடியில் அமர்ந்துகொண்டு, “வாப்பா, கொஞ்சம் மேல வாங்க” என்று தந்தையை அழைப்பது பண்பாகாது. பெற்றோருக்குப் பணிவின் சிறகைத் தாழ்த்தச் சொல்லும் மார்க்கத்தில், இறங்கி வர வேண்டியவர் பிள்ளைதான். கீழறையில் படுத்திருக்கும் உம்மாவிடம் “சாப்பிட்டீங்களா?” என்று ஸ்பீக்கர் வழியே கேட்டுவிட்டு நம் கடமை முடிந்ததாக எண்ணிவிடவும் கூடாது. அவர் எதிர்பார்ப்பது அந்தக் கேள்வியை மட்டும் அன்று. கட்டிலருகே வந்து அமரும் மகனை.

ஆகவே இந்த வாரம் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுக் கணினிகளின் அமைப்பைத் திறந்து பாருங்கள். எந்த அறையின் மைக் தானாகத் திறக்கிறது, அது அந்த அறையில் இருப்பவருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்பது விடையானால், இரவு உறங்கப் போகுமுன் அதை மாற்றிவிடுங்கள்.

நம் குறைகளையெல்லாம் மறைத்து வைத்திருக்கும் அல்லாஹ், பிறருடைய மறைவைக் காப்போராக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.